மல்துணியில் மாட்டிய முள்

எனக்கு வெயில் ஆகாது. தையல் டீச்சர் வேலையை நான் ஆசைப்பட்டு ஏற்றுக்கொண்டதற்கு ஒரே காரணம், அதை நிழலில் உட்கார்ந்தபடி செய்யலாம் என்பதுதான். அப்படிப்பட்ட என்னை ஒரு வருஷம் பங்குனியிலிருந்து ஆவணிவரை வெட்டவெளியில் குனியவைத்து, முதுகை ஒடித்து, முகத்தைக் கருக்கி, கடைசியில் "இன்னும் ஒரு தடவை பாத்திருவோமா அக்கா?" என்று என் வாயாலேயே கேட்கவும் வைத்தாள் எங்கள் பள்ளிக்கூடத்து டிரில் டீச்சர். அவளைப்போல ஒரு பிடிவாதக்காரியை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. நினைத்தால் இன்றைக்கும் இடுப்பு வலிக்கிறது. பெருமையாகவும் இருக்கிறது.

தோவாளைப் பக்கத்தில், பெண்பிள்ளைகளுக்கென்று இருந்த பள்ளிக்கூடம் அது. சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. நாங்கள் அப்போது திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தோம். கிழக்கே ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டிவிட்டால் மெட்ராஸ் ராஜ்யம். அங்கேயிருந்து வருகிறவர்களை எங்கள் ஊரில் பாண்டிக்காரர்கள் என்பார்கள். டிரில் டீச்சர் பாண்டிக்காரி. நல்ல உயரம், நல்ல கறுப்பு, கழுத்தில் எப்போதும் ஒரு விசில், காலில் வெள்ளை கேன்வாஸ் ஷூ. சேலை கட்டிய பெண் ஷூ போட்டுக்கொண்டு நடப்பதைப் பார்ப்பதற்காகவே டீக்கடையில் ஆட்கள் காத்திருந்த காலம் உண்டு. அவள் அவர்களைப் பார்த்து, "என்ன அண்ணாச்சி, உமக்கும் ஒரு சோடி வேணுமா?" என்று கேட்டுவிட்டுப் போவாள். என்னைவிட மூத்தவள். நான் அவளை அக்கா என்று கூப்பிட்டேன். அவள் என்னை ஏட்டி என்பாள். கோபம் வந்தாலும் ஏட்டி, பிரியம் வந்தாலும் ஏட்டி.

அவளுடைய வேலை நிரந்தரமில்லை. வருஷாவருஷம் பள்ளிக்கூடத்து மானேஜர் பார்த்து நீட்டித்துத் தரவேண்டும். கணவாய்க்கு அப்பால், வானம் பார்த்த பூமியில், அவள் சம்பளம் போய்ச் சேர்ந்தால்தான் அவள் அம்மா உலை வைப்பாள். இது எனக்குத் தெரியும். ஊரில் வேறு யாருக்கும் அவள் சொன்னதில்லை.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு மேடு. அதுதான் மைதானம். செம்மண்ணும் சரளைக் கல்லுமாகக் கிடக்கும். அதில்தான் பிள்ளைகளை ஓடவிடுவாள். ஒரு தை மாதம், ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்று பாவாடை தடுக்கிச் சரளையில் விழுந்தாள். முழங்கால் கிழிந்தது. சாதாரணக் காயம் என்று பச்சிலை வைத்துக் கட்டினார்கள். அது சீழ் பிடித்து, காய்ச்சல் கண்டு, பிள்ளை நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் பல நாள் கிடந்தாள். காலை எடுக்க வேண்டியிருக்கும் என்றுகூட ஒரு பேச்சு வந்தது. நல்லவேளை, எடுக்கவில்லை. ஆனால் கால் விறைத்துப் போயிற்று.

அவ்வளவுதான், ஊர் எழும்பி நின்றது. "பொட்டப் பிள்ளைக்கு ஓட்டம் எதுக்காக்கும்?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். பிள்ளையின் அம்மா பள்ளிக்கூட வாசலில் வந்து நின்று, "என் பிள்ளை இனி ஓடமாட்டாள்னு எழுதித் தந்தாத்தான் இங்க அனுப்புவேன்" என்று அழுதாள். அக்கா அங்கேயே ஒரு தாளை எடுத்தாள். எழுதிக் கொடுத்தாள்.

மானேஜர் அவளைக் கூப்பிட்டு அனுப்பியபோது நானும் உடன் போனேன். துணைக்கு என்று சொல்லிக்கொண்டேன். உள்ளபடிக்கு, வேடிக்கை பார்க்கிற ஆசையும் இருந்தது. மானேஜர் வயதானவர், பெருத்த உடம்பு, குரல் மட்டும் மெல்லியது.

"டீச்சரே, நான் உங்களுக்கு விரோதி ஒண்ணும் இல்ல. ஆஸ்பத்திரியில போய் அந்தப் பிள்ளையப் பாத்தேன். மனசு தாங்கல்ல. இனிமே இந்தச் சரள்ல ஒரு பிள்ளையும் ஓடப்பிடாது."

"அப்போ டிரில்?" என்றாள் அக்கா.

"கிளாசுக்குள்ளயே நிண்ணு கையக் கால ஆட்டட்டும். அதுக்குன்னு தனியா ஒரு டீச்சர் வேண்டாம்லா? மைதானத்துல மரச்சீனி நடலாம்னு கமிட்டியில பேசியாச்சு. ரேஷன் அரிசி யாருக்குக் காணுது? கிழங்கு வெட்டினா பிள்ளைகளுக்கு மத்தியானம் கஞ்சிக்காவது ஆவும்."

அவர் சொன்னதில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது. அந்தக் காலத்தில் மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கு இல்லையென்றால் பாதி ஊர் பட்டினி. கிளம்பலாம் என்று நான் முந்தானையைச் சரிசெய்துகொண்டேன். அக்கா நகரவில்லை.

"சரளுக்குப் பதிலா புல்லு இருந்தா ஓடலாமா?"

"புல்லா? அந்த மேட்டுலயா?" மானேஜர் சிரித்தார்.

"இருந்தா?"

அவர் சிரிப்பை நிறுத்தினார். "எனக்கு நீரிழிவு உண்டும், தெரியும்லா? ஒரு முள்ளு குத்தினா கால் போயிரும்னு வைத்தியரு சொல்லியிருக்காரு. வீட்டுக்குள்ளகூட செருப்பு போட்டுத்தான் நடக்கேன். அந்த நானு செருப்பக் கழத்திப் போட்டுட்டு இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடிவரை நடக்கணும். நடந்துட்டேன்னா பிள்ளைகளும் ஓடட்டும், நீங்களும் இருங்க. ஓணத்துக்கு லீவு விடுததுக்கு முன்னாடி. இல்லேன்னா லீவு கழிஞ்ச மறுநாளு மரச்சீனிக் கம்பு நடுவேன்."

"சரி" என்றாள் அக்கா. யோசிக்கக்கூட இல்லை. வெளியே வந்ததும் நான் தலையில் அடித்துக்கொண்டேன். "அக்கா, உனக்குப் புல்லு வளக்கத் தெரியுமா?" என்று கேட்டேன். "நீ இருக்கேல்லா?" என்றாள். நான் துணியில் புல் தைப்பேன், மண்ணில் அல்ல.

முதலில் சரளை பொறுக்கினோம். பிறகு பிள்ளைகளிடம், வரப்பில் கிடக்கிற அறுகம்புல்லை வேரோடு பிடுங்கி, ஆளுக்கு ஒரு கடவம் கொண்டுவரச் சொன்னாள். ஓலைக் கடவத்தைச் சுமந்துகொண்டு பிள்ளைகள் வரிசையாக வருவதைப் பார்த்து வயல்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "நாங்க வரப்புல வெட்டி எறியுத களைய நீங்க நட்டு வளக்கியளா? நல்லாருக்கே பாண்டிக்காரி வெவசாயம்!" அக்காவும் சேர்ந்து சிரித்தாள். "உங்க தொல்லையும் தீரும், என் வேலையும் தீரும். இன்னும் நாலு கடவம் குடுங்க" என்றாள்.

சிரித்தவர்களே யோசனையும் சொன்னார்கள். வெறும் மேட்டில் நட்டால் புல் வராது, முதலில் கிடை போடுங்கள் என்றார்கள். கும்பப்பூ நெல் அறுப்பு முடிந்ததும் கணவாய் வழியாகச் செம்மறிக் கூட்டங்கள் மேற்கே வரும். வயலில் ராத்திரி முழுக்க அடைத்துப் போட்டால் புழுக்கையும் மூத்திரமும் மண்ணில் இறங்கும். எங்கள் நாஞ்சில் நாட்டு நெல்லுக்கு அதைவிட நல்ல எரு கிடையாது. கமிட்டியில் இருந்த ஒருவர், "அமோனியா உப்பு நாலு மூடை தாறேன், எதுக்கு இந்தப் பாடு?" என்றும் கேட்டார். வெள்ளை வெளேரென்று அந்த உர உப்பு அப்போதுதான் ஊருக்குள் வந்து, எல்லோரும் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள்.

அக்கா வேண்டாம் என்றுவிட்டாள். "பிள்ளைங்க இதுல விழும், புரளும், மண்ணு வாயில போவும். வாயில போவக்கூடாத எதையும் நான் இதுல போடமாட்டேன்."

"ஆட்டுப் புழுக்கை மட்டும் வாயில போவலாமாக்கும்?" என்றேன் நான்.

"ஏளா, அது ஒரு மழையில மக்கி மண்ணாயிரும். உப்பு எங்க போவும்னு உனக்குத் தெரியுமா?" எனக்குத் தெரியாது. தெரியாவிட்டாலும் வாதாடுகிற பழக்கம் எனக்கு உண்டு. அன்றைக்கு என்னவோ விட்டுவிட்டேன்.

பங்குனியில் ஆடுகள் வந்தன. கணவாய் தாண்டி வந்த முதல் கூட்டத்தையே அக்கா மடக்கிவிட்டாள். ஆட்டுக்காரர் அவள் ஊர்ப் பக்கத்து ஆள். ஒரு வாரம் பள்ளிக்கூடமே நாறிப்போயிற்று. மூக்கை முந்தானையால் மூடிக்கொண்டுதான் நான் பிள்ளைகளுக்குச் சங்கிலித் தையல் சொல்லிக்கொடுத்தேன். அப்புறம் மண்ணைக் கொத்திவிட்டு, சித்திரையில் கோடைமழை விழுந்ததும், ஈரமண்ணில் புதைத்து வைத்திருந்த அறுகம்வேரை வரிசை வரிசையாக நட்டோம். லீவு நாளிலும் பிள்ளைகள் வந்தார்கள். மைதானத்துக்கும் மேலே, பிள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்சுகிற கொட்டகையான கஞ்சிப் புரையில் பாத்திரம் கழுவுகிற தண்ணீர் வீணாக ஓடையில் போய்க்கொண்டிருந்தது. அதை ஒரு வாய்க்கால் வெட்டி மைதானத்துக்குத் திருப்பினாள். அடுப்புச் சாம்பல் புல்லுக்கு வந்தது. ஒரு மூலையில் கறையான் கண்டபோது வேப்பம் பிண்ணாக்கை ஊறவைத்துக் கரைத்து ஊற்றினாள். பள்ளிக்கூடத்தில் வீணாய்ப் போகிற எந்தச் சாமானும் அவள் கண்ணுக்குத் தப்பவில்லை. பழைய பாயை வெட்டி நட்ட வேருக்கு மூடாக்குப் போட்டபோது, நல்லவேளை என் தையல் மெஷினை விட்டுவைத்தாளே என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனியில் பள்ளிக்கூடம் திறந்தபோது மைதானத்தைப் பார்த்து நானே வாயைப் பிளந்தேன். பச்சை! எங்கள் மேட்டுக்குப் பச்சை நிறம் வரும் என்று யார் நினைத்தார்கள்? சாரல் மழையில் அறுகம்புல் கொடி ஓடி, ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டு கிடந்தது. விழுந்த பிள்ளையும் அன்று திரும்பி வந்திருந்தாள். வலது காலை நீட்டி வைத்துக்கொண்டு மைதானத்து ஓரத்தில் உட்கார்ந்தாள். ஓடக் கூடாது என்று எழுதிக் கொடுத்திருந்தோமே.

இரண்டு வாரம் போனது. ஒருநாள் சின்னப் பிள்ளைகள் கூட்டமாய்ச் சத்தம் போட்டார்கள். "டீச்சரே! புளியங்கன்னு! நெறைய புளியங்கன்னு மொளச்சிருக்கு!"

போய்ப் பார்த்தோம். புல்லுக்கிடையில் பொடிப்பொடி இலையோடு சின்னச் சின்னக் கன்றுகள். பார்த்தால் புளியங்கன்று மாதிரிதான் இருந்தன. நான்கூட, ஏதோ காக்கை கொண்டுவந்து போட்டிருக்கும் என்று சொன்னேன். அக்கா குனிந்து ஒன்றைப் பிடுங்கிக் கையில் வைத்துப் பார்த்தாள். பிறகு முட்டி போட்டு உட்கார்ந்து அக்கம்பக்கத்தில் தடவிப் பார்த்தாள். எழுந்திருக்கவே இல்லை.

"இது புளி இல்லளா. உடை" என்றாள்.

உடைமரம் எங்கள் பக்கம் வயலோரத்தில் காணாது. கணவாய்க்கு அப்பால், அவள் ஊரில், காடு காடாக நிற்கும் முள்மரம். பிஞ்சாக இருக்கும்போது ஒன்றும் தெரியாது. கொஞ்சம் வளர்ந்தால் வெள்ளை முள் ஊசிபோல நீட்டிக்கொண்டு வரும். கோடையில் அந்த மரத்து நெற்றைத்தான் ஆடுகள் விரும்பித் தின்னும். கிடையில் படுத்து அசைபோடும்போது விதையைத் துப்பும். துப்பாமல் விட்டது புழுக்கையோடு விழும். எங்கள் வயல்களிலும் ஆண்டாண்டு காலமாக அந்த விதை விழுந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் வயலைக் கிடை முடிந்ததும் உழுவார்கள், தண்ணீர் கட்டுவார்கள், சேற்றில் எல்லாம் அழுகிப்போகும். அதனால் ஆடு முள்ளைக் கொண்டுவரும் என்பதே எங்கள் ஆட்களுக்குத் தெரியாது. வயலுக்குச் செய்கிற வேலையை அப்படியே மேட்டுக்கும் செய்துவிட்டோம். உழவும் இல்லை, தண்ணீரும் நிற்கவில்லை. கஞ்சிப் புரைத் தண்ணீரை வேறு ஊற்றி முள்ளை வளர்த்திருக்கிறோம்!

"எங்க ஊர்ல சின்னப் புள்ளைக்கும் இது தெரியும்" என்றாள் அக்கா. "எனக்குத் தோணாம போச்சே. எங்க ஊரு முள்ளே எனக்கு எமனா வந்திருக்கு பாரு ஏட்டி." அவள் கண்ணில் தண்ணீரை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். மைதானம் முழுக்க முள். நடக்க வேண்டியவரோ நீரிழிவுக்காரர். ஓணத்துக்கு இரண்டு மாதம்கூட இல்லை. அவர் காலை வைக்கமாட்டார், மரச்சீனி நடுவார், இவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு கணவாயைத் தாண்டிப் போகவேண்டியதுதான்.

விஷயம் மானேஜர் காதுக்குப் போயிற்று. அவர் கெட்டவர் இல்லை என்று சொன்னேனே, மறுநாளே ஆள்வசம் ஒரு டின் கொடுத்து அனுப்பினார். குழித்துறைக்கு வடக்கே மலையோரத்தில் அவர் மருமகன் ரப்பர் எஸ்டேட் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே களை கொல்லுகிற மருந்து. கொண்டுவந்தவர் விவரம் சொன்னார். "ஒரு குச்சியில துணியச் சுத்தி, கன்னுக்கு ஒரு தொட்டு. அவ்வளவுதான். வேரோட கருகிரும். கொஞ்ச நாளைக்கு மாட்டை மட்டும் கிட்ட விடாதீங்கோ, தின்னா செத்துப்போவும்."

எனக்கு அந்த டின்னைக் கண்டதும் போன உயிர் திரும்பி வந்தது. "அக்கா, ரெண்டே நாளு வேலை. குச்சியில துணிய நானே சுத்தித் தாறேன்" என்றேன்.

அக்கா டின்னைக் கையில் வாங்கிப் பார்த்தாள். ஆசைப்பட்டாள், அது முகத்திலேயே தெரிந்தது. பிறகு கொண்டுவந்தவரிடம் கேட்டாள்: "மழை பெஞ்சா இது எங்க போவும்?"

"மண்ணுக்குள்ள போவும்."

"மண்ணு எங்க சரிஞ்சு கெடக்கு, பாருங்க." அவள் கையை நீட்டினாள். மேட்டிலிருந்து நிலம் சரிந்து, கீழே பள்ளத்தில் இருந்த கிணற்றில் போய் முடிந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லோரும் குடிக்கிற கிணறு. "மானேஜர்ட்ட ரொம்ப நன்றின்னு சொல்லுங்க. எனக்கு இது வேண்டாம்."

"வேலை போயிருமே அக்கா!" அவர் போனதும் நான் கத்தியேவிட்டேன். "போனா போவுது. அந்தப் புள்ளைக்குக் கால் போவப் பாத்தது போதும்" என்றாள். எனக்குக் கோபம் கோபமாய் வந்தது. ஆனாலும் அந்த நிமிஷம் அவளைக் கையெடுத்துக் கும்பிடவேண்டும் போலவும் இருந்தது. கும்பிடவில்லை. பதிலுக்குச் சண்டைதான் போட்டேன்.

அடுத்த நாள் மழை விட்ட நேரம் பார்த்து டிரில் பீரியட் தொடங்கியது. கயிறு கட்டி மைதானத்தைப் பாத்தி பாத்தியாகப் பிரித்திருந்தாள். பிள்ளைகளைக் கயிற்றுக்கு ஒருத்தியாக நிறுத்தினாள். விசில் ஊதினாள். "ஒண்ணு!" எல்லோரும் குனிந்தார்கள். "ரெண்டு!" கன்றின் அடியைப் பிடித்தார்கள். "மூணு!" ஈரமண்ணிலிருந்து வேரோடு இழுத்தார்கள். "நாலு!" நிமிர்ந்து ஓர் அடி முன்னால். சத்தம் கேட்டு வேலிக்கு வெளியே ஊர் கூடிவிட்டது. வயலில் களை பறித்துவிட்டு வந்த அம்மாமார் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார்கள்.

"இதென்ன டீச்சரே, டிரில்லா களைபறிப்பா?"

"ரெண்டும் ஒண்ணுதான் மதினி. இடுப்பு வளையணும், அவ்வளவுதான். வாங்க, நீங்களும் வளையுங்க."

சிலர் வந்தும் விட்டார்கள். கால் விறைத்த பிள்ளையும் ஓரத்தில் உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து, கை எட்டுகிற தூரத்தில் இருந்ததை எல்லாம் பிடுங்கினாள். ஓடத்தான் கூடாது, பிடுங்கக் கூடாது என்று யாரும் எழுதி வாங்கவில்லையே. நானும் பிடுங்கினேன். வெயில் ஏறும்போதெல்லாம் அக்காவை வாய்விட்டுத் திட்டினேன். "திட்டிக்கிட்டே பிடுங்கு ஏட்டி, அப்பத்தான் வேரோட வருது" என்றாள்.

ஆடி முடிகிறவரை மழை விடும்போதெல்லாம் இதுதான் டிரில். புல் உயர்ந்தபோது, மாட்டுக்குப் புல்லறுக்கிற பெண்களை உள்ளே விட்டாள். அவர்கள் ஒரே மட்டமாக அறுத்து, கட்டிச் சுமந்துகொண்டு போனார்கள். அறுக்க அறுக்கப் புல் அடர்ந்தது. பார்வைக்கு ஒரு கன்றும் தெரியவில்லை. முடிந்தது என்று நான் என் நிழலுக்குத் திரும்பினேன். அப்போதுதான் ஒரு பிள்ளை காலைத் தூக்கிக்கொண்டு அழுதுகொண்டு வந்தாள். பிடுங்கும்போது வேர் அறுந்து நின்றவை புல்லுக்கு அடியில் மறுபடி துளிர்த்திருந்தன. கண்ணுக்குத் தெரியாமல், முள்ளோடு.

அக்கா மைதானத்தின் குறுக்கே நடந்து போனாள். அவள் சேலை விளிம்பு ஓர் இடத்தில் மாட்டி இழுத்தது. குனிந்து பார்த்தால் முள். அதைப் பார்த்த கணத்தில் எனக்குப் பொறி தட்டியது. மெல்லிய துணியாக இருந்தால் எந்தப் பொடி முள்ளிலும் மாட்டுமே! ஓணத்துக்குத் தையல் கண்காட்சி வைக்க, கோட்டாற்றிலிருந்து நல்ல மல்துணி வாங்கி வைத்திருந்தேன். பூவேலை செய்து மானேஜரிடம் பேர் வாங்கவேண்டும் என்று எவ்வளவு ஆசை! அதை எடுத்துக்கொண்டு வந்தேன்.

"உன் கண்காட்சி?" என்றாள் அக்கா.

"கண்காட்சிதான். இதுதான். பிடி அந்த முனைய."

இரண்டு பிள்ளைகள் துணியை ஆளுக்கு ஒரு முனையில் பிடித்து, புல் உரசுகிற மாதிரி மெதுவாக இழுத்துக்கொண்டு போவார்கள். எங்கே மாட்டுகிறதோ அங்கே நிற்பார்கள். நாங்கள் குனிந்து, கம்பியால் மண்ணைக் கிளறி வேரை எடுப்போம். என் அருமைத் துணி நாளுக்கு நாள் கிழிந்து கந்தலானது. நான் தைத்துத் தைத்துக் கொடுத்தேன். அந்தத் துணியில் நான் போட்ட தையல்தான் என் ஆயுசில் நான் போட்ட நல்ல தையல். கடைசியில் ஒருநாள் அது இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை எங்கேயும் மாட்டாமல் போய்ச் சேர்ந்தது. "இன்னும் ஒரு தடவை பாத்திருவோமா அக்கா?" என்று நானே கேட்டேன், அப்போதும் மாட்டவில்லை. பிள்ளைகள் குதித்தார்கள். அக்கா மட்டும் குதிக்கவில்லை. "இன்னும் ஒரு வாரம் இருக்கு" என்றாள்.

அந்த வாரம் முழுக்க நான் பள்ளிக்கூடத்துக்கு வரும்போது அவள் எனக்கு முன்னாலேயே வந்திருப்பாள். பனி ஈரமான புல்லில் கால்தடம் கிடக்கும். அவளுடைய வெள்ளை ஷூ படியில் இருக்கும். மாடு நுழைந்துவிடாமல் காவல் இருக்கிறாள் என்று நினைத்தேன். அதற்குமேல் யோசிக்கவில்லை.

ஓண லீவுக்கு முன்னால் மானேஜர் கமிட்டியோடு வந்தார். வேலியோரம் ஊர் நின்றது. கால் விறைத்த பிள்ளையின் அம்மாவும் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். மானேஜர் என்னிடம் குடையைக் கொடுத்துவிட்டு, செருப்பைக் கழற்றினார். வெளுத்துப்போன, மெத்தென்ற பாதம். ஐயோ, ஒரே ஒரு முள் மிச்சம் இருந்தாலும் இவர் கதியும் அவள் கதியும் என்ன?

அவர் நடந்தார். ஒவ்வோர் அடியாக, வழுக்குப் பாறையில் நடக்கிறவர்போல. நடுவில் போனதும் நின்றுவிட்டார். அக்கா என் கையைப் பிடித்து நெரித்தாள். அவர் காலைத் தூக்கவில்லை, குனியவும் இல்லை. அப்படியே நின்று பாதத்தைப் புல்லில் இப்படியும் அப்படியும் தேய்த்தார்.

"குளுந்து கெடக்கு டீச்சரே" என்றார். "மண்ணுல வெறுங்காலு வச்சு எத்தனையோ வருசம் ஆச்சு."

அந்தக் கோடிவரை போனார். அங்கேயிருந்து திரும்பியும் நடந்தே வந்தார். அதற்கு அவசியமே இல்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு, குடையை வாங்கிக்கொண்டு, "மரச்சீனிய என் வீட்டு வளவுல நட்டுக்கிடுதேன். பிள்ளைகள் ஓடட்டும்" என்றார். அக்காவைப் பார்த்து, "நீங்க இங்கதான் இருக்கணும்" என்றார்.

அக்கா விசிலை வாயில் வைத்து ஒரே ஓர் ஊது ஊதினாள். பிள்ளைகள் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பறந்தார்கள். அந்தக் கூச்சல் கணவாய்வரைக்கும் கேட்டிருக்கும். நான் திரும்பிப் பார்த்தால், அக்கா படியில் உட்கார்ந்திருந்தாள்.

"என்னக்கா, நீயும் ஓடு!"

"முடியல்லளா" என்றாள்.

முகம் வெளிறியிருந்தது. நான் அவள் ஷூவைக் கழற்றினேன். உள்ளங்கால் இரண்டும் வீங்கிச் சிவந்து, முள் ஒடிந்து உள்ளே தங்கிய இடமெல்லாம் கறுத்துப் புள்ளி புள்ளியாக இருந்தது.

"துணி, மேல நீட்டிக்கிட்டு நிக்கதை மட்டும்தான் புடிக்கும்" என்றாள். "ஒடிஞ்சு மண்ணோட மண்ணா நிக்கதைக் கால்தான் புடிக்கும். அதான் தெனமும் காலைல வரிசை வரிசையா மிதிச்சுப் பாத்தேன். எல்லாத்தையும் எடுத்தாச்சு. மைதானத்துல ஒண்ணுகூட இல்ல."

"உனக்கு என்ன கிறுக்கா?" என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. ரவிக்கையில் எப்போதும் ஊசி குத்தி வைத்திருப்பேன், தையல் டீச்சர் பழக்கம். அதை எடுத்து, அவள் காலை என் மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முள்ளாகக் கிளறி எடுக்க ஆரம்பித்தேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை இறுக மூடியிருந்தாள். பிள்ளைகள் ஓடுகிற சத்தம் மட்டும் அவளுக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.

"ஏட்டி, என் காலையே பாத்துக்கிட்டு இருக்காதே. அங்க பாத்துச் சொல்லு. யாரு முந்துதா?"

நிமிர்ந்து பார்த்தேன். வேலியோரம் நின்ற அந்த அம்மா, கட்டிய கையை அவிழ்த்து வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். எல்லோருக்கும் பின்னால், வெகு தூரத்தில், ஒரு காலை இழுத்து இழுத்து, அந்தப் பிள்ளை போய்க்கொண்டிருந்தாள். விழுந்தாள். புல்லில் ஒரு தரம் புரண்டு, சிரித்துக்கொண்டே எழுந்தாள்.

"யாரு முந்துதான்னு தெரியல்ல அக்கா" என்றேன். "கடைசியில யாருன்னு தெரியுது. நம்ம முழங்கால் பிள்ளை."

அக்கா கண்ணைத் திறக்கவில்லை.

"ஓடுதாளா?"

"ஓடுதா அக்கா."

"சரி, அந்தப் பெரிய முள்ள எடு" என்று மற்றொரு காலையும் என் மடியில் தூக்கி வைத்தாள்.